எதிரணியின் கோல்கீப்பர்

பொன்வயல் கலை அறிவியல் கல்லூரி
எளாவூர் சாலை
12 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய லெப்டினன்ட் கர்னல் ராஜாத்தி வேணு (ஓய்வு) அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கல்லூரிக்கும் பழவேற்காடு ஏரிக்கரைக் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் பெண்கள் கால்பந்துப் போட்டி, வரும் பிப்ரவரி எட்டாம் தேதி எங்கள் மைதானத்தில் நடைபெறுகிறது. ஆட்டம் தொடங்கும் முன் ராணுவத்தில் பணியாற்றிய ஒருவரை அழைத்து மரியாதை செய்வது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். இதுவரை எங்கள் பழைய மாணவர்களையே அழைத்துவந்தோம். இந்த ஆண்டு தங்களை அழைக்க வேண்டும் என்று முதல்வர் விரும்புகிறார். தாங்கள் ஏரிக்கரைக் கல்லூரியின் மாணவி என்பதைத் தெரிந்தேதான் அழைக்கிறோம்.

சென்ற ஆண்டு வடக்கே வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தாங்கள் படகில் மீட்டதையும், அதில் இடது காலை இழந்ததையும், அதற்காகக் கிடைத்த பதக்கத்தையும் இந்த வட்டாரத்தில் அறியாத வீடு இல்லை. பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. தங்கள் இசைவை எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மு. தேவகி
உடற்கல்வி இயக்குநர்

பி.கு. இது முதல்வர் சொல்லி எழுதிய கடிதம். 2004ஆம் ஆண்டுப் போட்டியில் பொன்வயல் அணியின் ஒன்பதாம் எண் நான்தான். தாங்கள் மறந்திருக்கலாம். என் வலது முழங்கால் மறக்கவில்லை.


புனே
25 நவம்பர் 2024

தேவகி மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இரண்டு முறை போன் செய்ததையும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நீங்களும் நானும் போனில் பேசினால் முதல் நிமிடத்திலேயே சண்டை வந்துவிடும். எழுதினால் தபால்காரர் கையில் இருக்கும் நேரத்திலாவது கோபம் ஆறும்.

அழைப்புக்கு நன்றி. நான் வரவில்லை.

காரணம் கேட்பீர்கள். பதக்கம் வாங்கிய பிறகு என்னை எங்கெங்கோ கூப்பிட்டார்கள். ஒரு பள்ளியில் சக்கர நாற்காலியைத் தயாராக வைத்திருந்தார்கள். நான் செயற்கைக் காலில் நடந்துதான் போயிருந்தேன், ஆனாலும் அதில் உட்காரச் சொன்னார்கள், படம் நன்றாக வரும் என்று. ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாலை போட்டவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் முதலில் காலைத்தான் பார்த்தார்கள். இனி போதும் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் கல்லூரியிலேயே நல்ல ராணுவத்தினர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

2004 மறக்கவில்லை. ஒன்பதாம் எண் யாரென்று நீங்கள் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கோல் ஏரியாவுக்குள் வந்த பந்து அது. நான் வெளியே பாய்ந்தேன், பந்தைப் பிடித்தேன். நீங்களும் விடாமல் வந்தீர்கள். பந்து என்னுடையது. இன்று அதே பந்து வந்தாலும், கால் இருந்தால் பாய்வேன்.

ராஜாத்தி


எளாவூர்
8 டிசம்பர் 2024

ராஜாத்தி மேடத்துக்கு,

பந்து உங்களுடையதா? நடுவர் விசில் ஊதவில்லை என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. இருபது வருடமாக நான் இதை மனதுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் எதிர்க்கட்சி வாயைத் திறந்திருக்கிறது. அந்த வகையில் சந்தோஷம்.

நீங்கள் வரவில்லை என்று எழுதியதை முதல்வரிடம் காட்டவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

உங்களை அழைப்பதென்று தெரிந்ததும் மாணவர் கூட்டத்தில் பெரிய சண்டை. மூன்றாம் ஆண்டு விமல் என்று ஒருவன், எங்கள் கேலரியில் மேளம் அடிப்பவன். "அவுங்க காலேஜ் ஆளுக்கு நம்ம கிரவுண்டுல மரியாதையா? நம்மள இன்னான்னு நெனப்பாங்க?" என்று எழுந்தான். பாதிப் பேர் அவன் பக்கம். உங்கள் அணி மைதானத்தில் இறங்கும்போது எங்கள் பக்கத்திலிருந்து என்ன கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மீனவர் ஊர்ப் பிள்ளைகள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு "கவுச்சி, கவுச்சி" என்பார்கள். உங்கள் காலத்தில் ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. எங்கள் கேப்டன் நிவேதா எழுந்து ஒன்று கேட்டாள்: "அந்த மேடம் படகுல ஏத்தும்போது நீ எந்தக் காலேஜுன்னு கேட்டா ஏத்துனாங்க?" அவன் பக்கம் நின்ற சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் விமலின் முகம் இறுகியேதான் இருந்தது.

பாராட்டுரை எழுத எனக்கு விவரம் வேண்டியிருந்தது. நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதனால் போன ஞாயிறு பழவேற்காட்டில் படகு ஏறி உங்கள் நடுத்திட்டுக் குப்பத்துக்குப் போனேன். உங்கள் நைனா படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் காலேஜும்மா நீ?"

"பொன்வயல்."

"அட, எதிரி காலேஜா? உக்காரு, உக்காரு. எறா வறுத்துக்கீது. துன்னுட்டு அப்பால பேசு."

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். பேப்பரில் வந்ததுக்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க ராஜாத்தி கால் போன அப்பால இன்னும் ஊட்டுக்கு வரல. நாங்க பூனாவுக்கு வர்றோம்னாலும் வேணாம்னுது. போன்ல மூஞ்சிய மட்டும் காட்டும். கொஞ்சம் கீழ காட்டும்மான்னா, அப்பால காட்டுறேன்னு வெச்சிடும். எங்களுக்கு அது மூஞ்சி போதும். அதுக்குத்தான் போதல."

 உங்கள் அம்மா என் தட்டில் இறாலை வைத்துக்கொண்டே இருந்தார். நான் படகில் ஏறும்போது பின்னாலேயே தண்ணீருக்குள் வந்து, "அவ வேளைக்குத் துன்றாளான்னு கேட்டு எழுதும்மா" என்றார்.

எழுதிவிட்டேன்.

தேவகி


புனே
20 டிசம்பர் 2024

தேவகி,

உங்களை யார் என் வீட்டுக்குப் போகச் சொன்னது? அழைப்பு எனக்கு வந்தது. நான் முடியாது என்றேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கும் இப்படித்தான். பந்து கைக்குள் போன பிறகும் நீங்கள் நிற்கவில்லை.

நான்கு நாள் இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் நானே போன் செய்து சொன்னேன். "அந்த டீச்சர் நல்ல பொண்ணு, கால் தாங்கித் தாங்கி நடக்குது பாவம்" என்றார். உங்கள் காலுக்கு நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை.

விவரம் கேட்டீர்கள். பேப்பரில் "சீறும் வெள்ளத்தில் குதித்தார்" என்று போட்டார்கள். நான் குதிக்கவில்லை. குதிப்பவர்கள் செத்துப்போவார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிழவர்களுமாக நின்றார்கள். சுற்றிலும் ஆறு. எங்கள் ரப்பர் படகின் மோட்டாரில் வைக்கோல் சுற்றி நின்றுவிட்டது. என்னோடு இருந்த ஹவில்தார் தனசேகர் மீஞ்சூர்க்காரர். "மேடம், நேராப் போனா இஸ்துக்கினு பூடும்" என்று கத்தினார். அவர் சொன்னது சரி. எங்கள் முகத்துவாரத்தில் கடல் ஏரிக்குள் ஏறும்போது நைனா ஒருநாளும் நேராகப் போகமாட்டார். மேலே வெகுதூரம் தள்ளிப் போய், இழுப்பில் படகை விட்டு, வேண்டிய இடம் வரும்போது கரையைப் பிடிப்பார். அதைத்தான் செய்தேன். ஒரு வீட்டுப் பந்தல் மூங்கிலைப் பிடுங்கி, அதை ஊன்றி ஊன்றிப் போனோம். பிறகு மறுபடி, மறுபடி.

கடைசி நடையில் படகை நிறுத்த ஒரு காலைச் சுற்றுச்சுவரில் கொடுத்திருந்தேன். சுவர் என் காலின் மேல் சரிந்தது. மாடியில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கயிறு என் கையில் இருந்தது, விட்டால் படகு போய்விடும். பிடித்திருந்தேன். அவ்வளவுதான். தனசேகர் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகுதான் என் காலைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் படகிலிருந்து இறங்கினால் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும், நீங்களே பார்த்திருப்பீர்கள். நைனா என்னைத் தூக்கிக்கொண்டு கரை ஏறுவார். ஊரே நின்று பார்க்கும். கையசைத்துவிட்டு ராணுவத்துக்குப் போன பெண் நான். மூட்டை மாதிரித் திரும்பி வர மாட்டேன்.

ராஜாத்தி


எளாவூர்
6 ஜனவரி 2025

ராஜாத்திக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். பெண்கள் பயிற்சியில் இருந்தார்கள். விசில் ஊதக்கூட மறந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனது தப்பு என்றால் தப்புதான். ஆனால் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் உடைந்ததில் எனக்குக் கோபம் இல்லை. பந்து யாருடையது என்பதும், உங்களிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன், உங்களுடையதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் அணியில் எல்லோரும் வந்தார்கள். உங்கள் அணியில்கூட இரண்டு பேர் பழம் வாங்கி வந்தார்கள். நீங்கள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியாது. இருந்தாலும் பார்த்தேன்.

பிறகு டாக்டர் இனி ஆட முடியாது என்றார். அப்பா, நெல்லு காய வைத்த களத்தில் என்னை நடக்கவைத்துப் பழக்கினார். அப்போதுதான் பேப்பரில் உங்கள் படம் வந்தது, பழவேற்காடு மீனவர் மகள் ராணுவ அதிகாரி ஆனாள் என்று. எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தப் பேப்பரை மடித்து வைக்கவும் செய்தேன். எதிரணியில் ஆடியவள் இவ்வளவு தூரம் போனால், அவளுக்கு எதிராக ஆடிய நான் களத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. உடற்கல்வி படித்தது அதற்குப் பிறகுதான். உங்களுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை.

வாருங்கள். சால்வை இல்லை, சக்கர நாற்காலி இல்லை, அரசியல்வாதி இல்லை. முதல்வரிடம் பேசிவிட்டேன். மைதானத்தின் நடுப்பகுதி வரை நீங்களே நடப்பீர்கள். நான் பக்கத்தில் நடப்பேன். இரண்டு பேரும் தாங்கித் தாங்கிதான் நடப்போம். பார்க்கிறவர்கள் யாருடைய காலைப் பார்ப்பது என்று குழம்பட்டும்.

தேவகி


புனே
17 ஜனவரி 2025

தேவகி,

சிரித்துவிட்டேன். இந்தச் செயற்கைக் கால் மையத்து விடுதியில் பக்கத்து அறைக்காரர் என்னவென்று வந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேலரிக்கும் அடிதடி ஆனது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஆம்புலன்ஸில் இருந்தீர்கள். பழம் வாங்கி வந்த அந்த இரண்டு பேருக்கும் சொந்தக்காரர்கள் உங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் வேறு யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. அதிலும் உங்கள் காலை உடைத்தவள் நான். மறு வாரம் ராணுவத் தேர்வுக்கு ரயில் ஏறினேன். ரயில் பொன்னேரி தாண்டும்போது உங்கள் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று ஜன்னலில் பார்த்தது நினைவிருக்கிறது.

உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று எழுதினீர்கள். தெரியும். எங்கள் கல்லூரிப் பெண்கள் வருடா வருடம் தோற்றுவிட்டு வந்து எனக்குப் போன் செய்வார்கள். "அந்தப் பக்கம் ஒரு மேடம் இருக்காங்க, அவங்க இருக்குற வரைக்கும் கஷ்டம்" என்பார்கள். சாலையிலும் வரப்பிலும் ஓடிக்கொண்டிருந்த பெண்களைப் பிடித்து வந்து ஆட்டக்காரிகள் ஆக்கினீர்களாம். எனக்குப் பதக்கம் கிடைத்தது ஒரு நாள் வேலைக்கு. உங்கள் வேலையை எண்ண எனக்குத் தெரியவில்லை.

வருகிறேன். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஏரிக்கரைப் பக்கம்தான் உட்காருவேன். கத்துவேன்.

ராஜாத்தி


எளாவூர்
10 பிப்ரவரி 2025

ராஜாத்திக்கு,

ஆட்டம் முடிந்த நெரிசலில் சரியாகப் பேச முடியவில்லை. ஆட்டம் பார்க்க வந்திருந்த உன் நைனாவோடு நீ வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். (இனி நீ என்றுதான் எழுதப்போகிறேன்.) அன்று நீ எங்கள் கேலரிக்கு முதுகு காட்டி நின்றிருந்தாய். உனக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

நாம் இருவரும் கோட்டைத் தாண்டி உள்ளே போனதும் எங்கள் கேலரி மொத்தமும் எழுந்தது. சத்தமே இல்லை. நான் பயந்தது கூச்சலுக்கு. இந்த மௌனம் அதைவிட மோசமாக இருந்தது. உன் முகம் இறுகியதைப் பார்த்தேன். பாராட்டுரையைச் சுருக்கமாகத்தான் படித்தேன்: "இவர் எங்கள் கல்லூரியில் படித்தவர் அல்ல. எங்களுக்கு எதிராக ஆடியவர். எங்களைத் தோற்கடித்தவர். எங்களிடம் இல்லாத ஒருவரைப் பார்த்துப் பெருமைப்பட எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம்." அதற்கும் மெதுவான கைதட்டல், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் தட்டியதுபோல.

அப்போது நீ திரும்பாமலேயே மைக்கை வாங்கி, "இன்னா எல்லாரும் எழவு வுயுந்தாப்புல நிக்கிறீங்க? எங்க காலத்துல இந்தப் பக்கத்து சத்தத்துல காது கியிஞ்சிடும். மேட்ச் பாக்கத்தான வந்தீங்க? கத்துங்க!" என்றாய்.

நான் சட்டென்று எங்கள் கேலரியைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கத்தத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். விமல் கையில் மேளக்குச்சியோடு நிற்கிறான். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் ஒருவன் மூக்கில் கை வைக்கப் போனான். விமல் அவன் கையைத் தட்டிவிட்டான். அதை நான் பார்த்தேன். பிறகு மேளத்தை ஒரு அடி அடித்து, "கீப்பர்!" என்றான். இன்னொரு அடி, "கீப்பர்!" அதற்குள் கேலரி பிடித்துக்கொண்டது. நீ திரும்பிப் பார்த்தது அப்போதுதான். உங்கள் ஏரிக்கரைப் பக்கத்திலும் அதே சத்தம் கிளம்பியது. இரண்டு பக்கமும் ஒரே வார்த்தையைக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆட்டம் தொடங்க நேரமாகிவிட்டது என்று நடுவர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முழுக்க அந்தப் பழைய வார்த்தை ஒருமுறையும் வரவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் நிவேதா உங்கள் கீப்பர் அர்ச்சனாவோடு மோதி விழுந்ததும், இரண்டு கேலரியும் ஒன்றாக மூச்சைப் பிடித்தது. அர்ச்சனா கை கொடுத்துத் தூக்கினாள். நீ ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து "பந்து கீப்பருது!" என்று கத்தினாய். மைதானமே கேட்டது.  நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம் என்பதை மட்டும் இங்கே பணிவோடு குறிப்பிடுகிறேன்.

வீட்டில் என்ன ஆயிற்று? எழுது.

தேவகி


நடுத்திட்டுக் குப்பம்
14 பிப்ரவரி 2025

தேவகி,

உங்கள் பெண்கள் நன்றாக ஆடினார்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் ஆடினார்கள். அர்ச்சனா நேற்று வந்து இரண்டாவது கோலுக்காக அழுதாள். நான் அவளோடு சண்டை போட்டு அனுப்பினேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறோம்.

வீட்டைக் கேட்டாய். சொல்கிறேன்.

 படகில் வரும்போது நைனா உங்கள் கேலரி கத்தியதை நினைத்து, "ஷோக்கா கத்துனானுங்க" என்றார். ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்தது. எஞ்சின் தரையில் தட்டும் என்று கரைக்கு வெகு முன்னாலேயே நைனா படகை நிறுத்திவிட்டார். கரையில் ஊரே நின்றது. நான் பயந்தபடியே எல்லாம் இருந்தது. நைனா முதலில் இறங்கினார், என் பக்கம் திரும்பி, கையை நீட்ட வந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். தூக்கட்டுமா என்றும் கேட்கவில்லை, வேண்டாமா என்றும் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்றார். அவருடைய தோள் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

செயற்கைக் காலில் உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஊர் முன்னால் கழற்றினேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதற்குள் அம்மா கரையிலிருந்து தண்ணீரை அளைந்துகொண்டு படகுக்கே வந்துவிட்டார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையைத் தொட்டார், பாதத்தைத் தட்டினார்.

"இன்னாடி இவ்ளோ கனமா கீது? இத்த கட்டிக்கினா நாள் பூரா நடக்குற?"

"ஆமாம்மா."

"வலிக்குமா?"

"சாயங்காலத்துல கொஞ்சம்."

இத்தனை மாதமாக யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை தேவகி. டாக்டர் கேட்பார், அது வேறு.

நான் நைனாவின் தோளைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் ஒற்றைக் காலில் போவது அவ்வளவு கஷ்டமில்லை, தண்ணீரே தாங்குகிறது. நைனா என் வேகத்துக்கு நடந்தார். முன்னால் அம்மா. இரண்டு கையாலும் என் காலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். கரையிலிருந்து பெண்கள் உதவிக்கென்று தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள், அலை எழுந்தது. அம்மா போட்ட சத்தம் உங்கள் எளாவூர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்:

"எட்டப் போங்கடி! தண்ணி தெறிக்குது! எம் பொண்ணு கால் நனைஞ்சிடப் போவுது!"

ராஜாத்தி